ராசியான முள்

சீடருக்கு நாற்பத்தேழு வயது. குருவுக்கு முப்பத்தாறு.

அதனால் குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார். புதிதாகக் கேட்பவர்களுக்கு, யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது.

சீடர் பெயர் தனுஷ்கோடி. பரமக்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருடம் வேதியியல் நடத்தியவர். ஒருநாள் கரும்பலகையில் மூலக்கூறு ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். பாதியில் கை நின்றது. இத்தனை வருடமும் வரைந்த எதையும் தான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. சாக்பீஸைக் கீழே வைத்தார். மனைவியையும் எட்டு வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டு, முனைவர் பட்டத்துக்காக இந்த ஆய்வு நிலையத்துக்கு வந்தார்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. ஹாஸ்டல் பையன்கள் அவரை அங்கிள் என்றார்கள். அலுவலகத்தில் பதிவு எண்ணைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். அவர் பெயர் அறைக் கதவில் ஒட்டிய காகிதத்தில் இருந்தது. அதிலும் பாதி கிழிந்துவிட்டது.

குரு பெயர் ஜெபக்கனி. பேராசிரியர் அல்ல. நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரே ஒரு கருவிக்குப் பொறுப்பாளர். யாருக்கு எது ஓடவில்லை என்றாலும் படியிறங்கி அவரிடம்தான் வருவார்கள். ஓடியதும் படியேறிப் போய்விடுவார்கள்.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தங்கம் பூசிய ஒரு தட்டு, விரல் நகம் அளவு. அதன்மேல் டி.என்.ஏ. இழைகள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாது. ஒரு முள் இறங்கி வந்து தட்டைத் தடவித் தடவி, இழை கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்து அதன்மேல் அமரும். பிறகு அகச்சிவப்பு ஒளியை அனுப்புவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத நிறங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தனக்கு உகந்த எண் வந்ததும் இழை சூடாகி இம்மியளவு வீங்கும். முள் துடிக்கும். திரையில் ஓடும் கோட்டில் ஒரு மேடு எழும்.

முதல் நாள் ஜெபக்கனி இதையெல்லாம் சொல்லவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிடுறோம் சார்" என்றார். "ஒவ்வொரு பேரா. தன் பேர் வந்தா அது திரும்பிப் பாக்கும். அவ்வளவுதான்."

தனுஷ்கோடி அன்றைக்கே கேட்டார். "கூட்டமா கிடக்கும்போது ஒரு பேருக்குத் திரும்புது. தனியா ஒரே ஒரு இழை கிடந்தா, அதே பேருக்குத் திரும்புமா மேடம்?"

ஜெபக்கனி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கூப்பிட்டுப் பாருங்க" என்றார்.

*

கூட்டத்தின் எண் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயிரத்து இருநூற்று நாற்பது. இழைகளைக் கெட்டியாகக் காயவைத்து, நிலையத்தின் பொது முள்ளால் அளந்தால் அந்த இடத்தில் மேடு நன்றாக எழும். தனுஷ்கோடி முதல் வருடமே அதைச் செய்துவிட்டார்.

தனி இழை பேசவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம். கோடு வெறும் நடுக்கமாகவே ஓடியது.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு புது முள் கிடைத்தது. தட்டை அழகாகத் தடவியது, இழையின் படத்தைத் துல்லியமாகக் கொடுத்தது. அதை அவர் யாருக்கும் தரவில்லை. முள் வந்த பெட்டியிலேயே தனியாக வைத்துக்கொண்டார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. அடியில் நுங்கு மாதிரி மெத்தென்று ஒரு பசை. முள்ளை அதில் மெல்ல அழுத்தி வைத்தால் உருளாது, உடையாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் அதில் படுக்கவைத்து மூடுவார். மூடியின்மேல் 'தொடாதே' என்று எழுதியிருந்தார்.

ஏப்ரலில் தனி இழை பேசியது. சின்ன மேடு. ஜூனில் இன்னும் கொஞ்சம் பெரிது. ஆகஸ்டில் யார் வந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு. ஆனால் நாற்பதில் இல்லை. ஆயிரத்து இருநூற்று அறுபதில்.

அவருடைய நெறியாளர் பேராசிரியர் ஆராவமுதன் திரையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "பாத்தியாய்யா! தனியா இருந்தா வேற பாஷை பேசுது. ஆறு வருஷம் உன்னை வச்சிருந்தது வீண் போகல."

கட்டுரை எழுதினார்கள். ஒரு நல்ல ஆய்விதழ் அதற்கு இடம் வைத்திருந்தது. ஆயுத பூஜை அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். டிசம்பரோடு தனுஷ்கோடியின் பதிவுக்காலம் முடிகிறது. இரண்டு தடவை நீட்டித்தாயிற்று. இனி நீட்டிக்க மாட்டார்கள். கட்டுரை போனால் பட்டம். போகாவிட்டால் ஆறு வருடமும் ஒன்றுமில்லை.

அன்று காலை பத்து மணிக்கு, கடைசியாக ஒரு நல்ல கோடு எடுத்துச் சேர்க்கலாம் என்று படியிறங்கினார்.

நிலையம் காலியாக இருந்தது. மெஸ் மூடியிருந்தது. லிஃப்ட் நின்றிருந்தது. ஹாஸ்டலில் பையன்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வாசல் கடையில் வாங்கிய பன்னும் வாழைப்பழமும் அவர் பையில் இருந்தன. பேச ஆளில்லாத அந்த நாட்கள் கருவிக்கு நல்ல நாட்கள். மேலே ஒருவர் கதவைச் சாத்தினால்கூட அதற்குத் தெரிந்துவிடும்.

கீழே ஜெபக்கனி இருந்தார். கருவியின் மூடிமேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். மேல்விளிம்பில் ஒரு முழம் சாமந்தி. பக்கத்தில் எலுமிச்சம்பழம்.

"யார் வேலை மேடம் இது?"

"சீனியம்மா." கீழ்த்தளத்தைப் பெருக்குகிற அம்மா. "உள்ள முள்ளுக்கும் ஒரு பொட்டு வைக்கவான்னு கேட்டாங்க. வச்சா ரெண்டு வருஷத்துக்கு எல்லாரும் குங்குமத்தைத்தான் கண்டுபிடிப்பாங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

தனுஷ்கோடி சிரித்துக்கொண்டே பையிலிருந்து பெட்டியை எடுத்தார்.

"இன்னைக்கு அளக்கக் கூடாது சார். சீனியம்மா கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்காங்க. கருவிக்கு இன்னைக்கு லீவு."

"மேடம், நீங்க கிறிஸ்டியன்."

"நான் கிறிஸ்டியன். கருவியை யாரும் கேக்கலையே."

"ஒரே ஒரு கோடு மேடம். ஆறு மணிக்குள்ள அனுப்பணும். உங்களுக்கே தெரியும்."

மேசைமேல் தனுஷ்கோடி கொடுத்திருந்த கட்டுரையின் பிரதி கிடந்தது. கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற இடத்தில், ஜெபக்கனியின் பெயர் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அளந்த முறையைச் சொல்லும் நான்காம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"வேலை கொடுக்காம ஓட்டலாம்" என்றார். "ஒண்ணுமில்லாத தட்டை வைங்க. ஒண்ணுமில்லாததைக் கூப்பிடுறது வேலைக் கணக்குல வராது. சீனியம்மாவும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அவர் விளையாடுகிறார் என்றுதான் தனுஷ்கோடி நினைத்தார். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"வெறும் தட்டு பிப்ரவரியிலயே அளந்தாச்சு மேடம். முள் வந்த அன்னைக்கே. ஒவ்வொரு கோட்டுல இருந்தும் அதைத்தான் கழிக்கிறேன்."

"அது பிப்ரவரியோட ஒண்ணுமில்லாதது."

"ஒண்ணுமில்லாதது மாறுமா மேடம்?"

"உங்க ராசியான முள்ளையே போடுங்க" என்றார் ஜெபக்கனி.

*

புதுத் தட்டு. அதன்மேல் இழை இல்லை, உப்பு இல்லை, நீர் இல்லை. வெறும் தங்கம்.

முள் இறங்கியது. ஒளி போனது. கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது.

நாற்பதில் சமதளம். தனுஷ்கோடி மூச்சை விட்டார்.

அறுபதில் மேடு எழுந்தது.

ஆகஸ்டில் எழுந்த அதே மேடு. அதே உயரம். அதே சரிவு.

"தட்டு அழுக்கா இருக்கும்" என்றார்.

"இருக்கும்."

வேறு தட்டு வைத்தார். வேறு இடத்தில் முள்ளை இறக்கினார். மேடு எழுந்தது. இன்னொரு இடம். எழுந்தது. தட்டின் ஓரம். எழுந்தது. யாருமே இல்லாத இடத்தில் எங்கே கூப்பிட்டாலும் 'என்ன' என்றது.

ஜெபக்கனி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்தார். கழுவி வைத்த முள் ஒன்று அதில் இருந்தது. இடுக்கியால் எடுத்து மாற்றினார். அதே தட்டில், அதே இடத்தில் ஓட்டினார்.

கோடு சும்மா ஓடியது. யாரும் திரும்பவில்லை.

தனுஷ்கோடி தன் பெட்டியைப் பார்த்தார். ஜெபக்கனி அதை வாங்கித் திறந்து, நுங்கு போன்ற அந்தப் பசையில் கையுறை விரலை லேசாக வைத்து எடுத்தார். பிறகு ஒரு கண்ணாடிச் சில்லில் விரலைப் பதித்தார். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். எண்ணெய்த் தடம்.

"சிலிக்கோன். அந்த மெத்தையில இருந்து கசியும். சும்மா இருக்காது சார், ஊர்ந்து ஏறும். மொதல்ல முள்ளோட கம்பி, அப்புறம் நுனி. இதுக்குப் பிடிச்ச எண் ஆயிரத்து இருநூத்து அறுபது."

"எட்டு மாசம்" என்றார் தனுஷ்கோடி.

"ம்."

"நாளுக்கு நாள் மேடு பெருசாச்சு மேடம். என் கை தேறுதுன்னு நினைச்சேன்."

ஜெபக்கனி பெட்டியை மூடி மேசைமேல் வைத்தார்.

"வேற யார்கிட்டயும் கொடுக்காம, பத்திரமா..." அவர் முடிக்கவில்லை.

வெளியே மரத்தட்டில் வைத்திருந்த கைபேசி அடித்தது. கைபேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது. போய் எடுத்தார். ஆராவமுதன்.

"என்னய்யா, அனுப்பியாச்சா?"

"இன்னும் ஒரு கோடு பாத்துக்கிட்டிருக்கேன் ஐயா."

"பாத்தது போதும். அழகு பாக்கப் போயி கோட்டை விட்டுறாத. ஆறு மணி."

உள்ளே வந்தார். உட்காரவில்லை. சுவருக்கும் கருவிக்கும் இடையே நாலு அடி. அதற்குள்ளேயே நடந்தார்.

"மேடம், இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஆமா."

"நீங்க யார்கிட்டயாவது..."

"என்கிட்ட யாரு சார் கேக்கப்போறா? ஓடலைன்னாதான் இங்க வருவாங்க. இது நல்லா ஓடுதே."

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்றீங்க?"

"உக்காருங்க சார். நீங்க நடக்குறதைக்கூட அது அளந்துக்கிட்டிருக்கு."

திரையில் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி உட்கார்ந்தார். கோடு அடங்கியது.

*

ஜெபக்கனி சொன்னது இது.

"படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்தேன். பனி ஊரு. மத்தியானம் மூணு மணிக்கு வெளிச்சம் போயிரும். என் அறையில நான் மட்டும். பக்கத்து அறைக்காரர் லிஃப்டுல பாத்தா ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். தூத்துக்குடியில எங்க தெருவுல ஒரு நாளைக்கு நூறு பேராவது 'ஏ கனி'ம்பாங்க. அங்க வாரக்கணக்கா என் குரலை நானே கேக்கல. இதே வேலை. இதே மாதிரி கருவி. பதினோரு மாசம் ஒரு மேடு வந்துச்சு. தினமும் வந்துச்சு. காலையில போனதும் கூப்பிடுவேன், திரும்பும். அந்த ஊர்ல எனக்குப் பதில் சொன்னது அது ஒண்ணுதான்."

"என்னது அது?"

"கைக்குப் போடுற களிம்பு. பனியில விரல் வெடிச்சுப் போச்சு. தடவிக்கிட்டு வருவேன். கையுறை தாண்டி இடுக்கிக்குப் போயிருக்கு, இடுக்கியில இருந்து தட்டுக்கு."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல. எனக்கு மூணாம் மாசமே சந்தேகம்."

தனுஷ்கோடி நிமிர்ந்து பார்த்தார்.

"வெறும் தட்டை வைக்க எட்டு மாசம் மனசு வரல" என்றார் ஜெபக்கனி.

கருவிக்குள் காற்றாடி மெல்ல இரைந்தது.

"வச்ச அன்னைக்கு அழுதீங்களா?"

"கையைக் கழுவினேன்."

*

ஐந்தேகாலுக்குத் தனுஷ்கோடி வெளியே போனார். மரத்தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கைபேசியை எடுத்தார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. அவர் பேசியது உள்ளே கேட்டது.

"ஐயா, அனுப்பல."

...

"இல்ல ஐயா. கோடு நல்லாத்தான் வருது. அது டி.என்.ஏ. இல்ல. எண்ணெய்."

...

"முள்ளு வச்ச பெட்டியோட எண்ணெய் ஐயா. வெறும் தட்டுலயும் அறுபதுல வருது. ரெண்டு தட்டுல பாத்துட்டேன்."

...

"மேடம் சொல்லல ஐயா. நான்தான் பாத்தேன்."

...

"டிசம்பருக்கு அப்புறமா? தெரியல ஐயா."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போலிருந்தது. தனுஷ்கோடி இன்னும் காதில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஜெபக்கனி வெளியே வந்தார். படிக்கட்டில் சீனியம்மா ஒரு காகிதப் பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தார். பொரி, பொட்டுக்கடலை, இரண்டு அச்சுவெல்லத் துண்டு. படியில் உட்கார்ந்து பிரித்தார். நடுவில் வைத்தார்.

தனுஷ்கோடி ஒரு பிடி அள்ளினார். வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"போன கோடை லீவுக்கு ஊருக்குப் போனேன் மேடம். மக எனக்குக் காபி கொண்டாந்தா. எங்க வீட்டுல ஆளாளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. அடியில பேர் வெட்டியிருக்கும். அவ எனக்குக் கண்ணாடி டம்ளர்ல கொண்டாந்தா. பூப்போட்ட டம்ளர். வெளியாள் வந்தா எடுக்குறது."

ஜெபக்கனி வெல்லத்தைக் கடித்தார்.

"வேணும்னு செய்யல. கைபாட்டுக்கு எடுத்திருக்கா. நானும் ஒண்ணும் சொல்லல. 'நல்லா இருக்கும்மா'ன்னேன். தேங்க்ஸ் சொன்னேன். அப்பாக்காரன் மககிட்ட தேங்க்ஸ் சொல்றான்."

பொரி ஒன்றிரண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து பொறுக்கினார்.

"அதனாலதான் அந்த அறுபது எனக்கு அவ்வளவு பிடிச்சுது மேடம். தனியாக் கிடந்தா எல்லாமே வேற ஆளாத்தான் போகும். அது இயற்கை. என் தப்பு இல்ல. அப்படி ஒரு ஆதாரம் கையில இருந்த மாதிரி."

ஆறு மணி ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் காவலாளியின் சைக்கிளுக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில வாங்க சார்" என்றார் ஜெபக்கனி. "கருவிக்கு நாளையில இருந்து வேலை உண்டு."

"இனிமே எதுக்கு மேடம்?"

"இன்னும் நீங்க கூப்பிட்டே பாக்கலையே."

*

மறுநாள் விஜயதசமி. தனுஷ்கோடி வந்தபோது தோளில் ஒரு பை இருந்தது. சாயங்காலம் பரமக்குடி பஸ். ஆய்வகச் சாவியை மேசைமேல் வைத்தார்.

ஜெபக்கனி சாவியைப் பார்க்கவில்லை. கருவியின் மேலிருந்த மாலை போயிருந்தது. பொட்டு மட்டும் காய்ந்து இருந்தது. கண்ணாடிக் கிண்ணத்து முள் பொருத்தப்பட்டிருந்தது. தனுஷ்கோடி போன வாரம் செய்து வைத்திருந்த தட்டு ஒன்று, முள் படாதது, அதற்கு நேர் கீழே.

முதலில் வெறும் இடத்தைக் கூப்பிட்டார்கள். யாரும் இல்லை.

பிறகு தேடினார்கள். தட்டு முழுக்கத் தடவ வேண்டியிருந்தது. பதினொன்றரைக்கு ஒன்று கிடைத்தது. கீழே விழுந்த தையல் நூல் மாதிரி ஒருபக்கம் சுருண்டு கிடந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை வேறு இழை இல்லை.

முள் அதன்மேல் அமர்ந்தது.

ஒரு தடவை கூப்பிட்டார்கள். வெறும் நடுக்கம். இரண்டாம் தடவை. பத்தாம் தடவை. நடுக்கம்தான்.

"ஒரு தடவை கூப்பிட்டா திரும்புச்சா இல்லையான்னே தெரியாது சார்" என்றார் ஜெபக்கனி. "அவ்வளவு சின்னது அது. கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா வச்சா நடுக்கம் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். திரும்பியிருந்தா அது மட்டும் நிக்கும்."

"எத்தனை தடவை?"

"தெரியாது."

ஐம்பது. நூறு. மத்தியானம் ஆனது. பன்னை இரண்டாகப் பிய்த்து வெளியே நின்று சாப்பிட்டார்கள். திரும்பி வந்தார்கள். நூற்றைம்பது. மேலே எங்கோ தண்ணீர்க் குழாய் முனகியது. அந்தத் தடவையை மட்டும் ஜெபக்கனி தள்ளிவிட்டார்.

இருநூற்றுப் பத்தில் தனுஷ்கோடி கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையின் பக்கம் குனிந்தார். இருநூற்றைம்பதில் விரலை நீட்டினார்.

"மேடம்."

"ம்."

மேடு என்று சொல்ல முடியாது. கோடு அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான். அடுத்த ஐம்பதிலும் அதே இடத்தில் தயங்கியது. அதற்கடுத்த ஐம்பதிலும்.

ஆயிரத்து இருநூற்று நாற்பது.

முள்ளைத் தூக்கிப் பக்கத்து வெறும் இடத்தில் வைத்து, அதையும் முந்நூற்றைம்பது தடவை கூப்பிட்டார்கள். நாற்பதில் ஒன்றுமில்லை. அறுபதிலும் ஒன்றுமில்லை. மீண்டும் இழைக்கு வந்தார்கள். நாற்பதில் கோடு தயங்கியது.

மணி நாலாகியிருந்தது.

"கூட்டத்தோட நம்பர்" என்றார் தனுஷ்கோடி.

"ஆமா."

"புதுசா ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"இதுக்குப் பட்டம் கொடுப்பாங்களா மேடம்?"

"தெரியல சார். எழுதிக் கொடுத்துப் பாருங்க. கேப்பாங்களோ என்னவோ."

அவர் அந்தத் தயக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மைல் தூரத்துக்கு யாருமில்லாத மாதிரி கிடக்கிற இழை. ஊரில் எல்லோரும் திரும்புகிற அதே பேருக்குத் திரும்பியிருக்கிறது. யாருக்கும் கேட்காத அளவுக்கு.

பையின் வாரை எடுத்துத் தோளில் போட்டார். போகவில்லை.

"மேடம், இழை சரி. இதை விட்டுருங்க. ஆறு வருஷம் தனியாக் கிடந்த மனுஷன் ஒருத்தன். அவன் ஊருக்குத் திரும்பிப் போறான். அவன் பழைய ஆளா, வேற ஆளான்னு எதை வச்சு மேடம் அளக்குறது?"

ஜெபக்கனி நாற்காலியைத் திருப்பி, அன்று முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

"வீட்டுல உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க சார்?"

தனுஷ்கோடி வாயைத் திறந்தார்.

மேலே யாரோ கதவைச் சாத்தினார்கள். திரையில் கோடு ஒருமுறை துள்ளி அடங்கியது. அவர் இன்னும் சொல்லவில்லை.

ஜெபக்கனி அவசரப்படவில்லை.